கடல் விட்டுப் போன தர்கா

நானா சப்பாத்தைக் கழற்றிச் சுவரோரம் வைத்தார். சிங்கப்பூரின் தெலுக் ஆயர் தெரு நடைபாதை, பகல் பன்னிரண்டரை. சாப்பாட்டு நேரம் என்பதால் செசில் ஸ்திரீட் பக்கமிருந்து அலுவலகக் கூட்டம் கோப்பிப் பையைத் தொங்கவிட்டபடி எங்களை உரசிக்கொண்டு போனது. எதிரே பூட்டிய கதவு. கைக்குட்டையைத் தலையில் கட்டிக்கொண்டு, வெறும் காலுறையோடு நின்று, இரண்டு கையையும் ஏந்தி ஃபாத்திஹா ஓதினார். முடித்ததும் சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். சீனி. ஒரு சிட்டிகை என் உள்ளங்கையில் வைத்தார்.

"நார்ஸா. வாயில போடுங்க தம்பி."

"உள்ள யாருமே இல்லையே நானா. பூட்டியிருக்கே."

"நாகூர்லயும் எஜமான் எழுந்து வந்து கதவத் திறக்கிறதில்ல."

இது இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில். நான் அப்போது ஒரு கட்டடப் பராமரிப்பு நிறுவனத்தில் மேற்பார்வையாளர். அவர் அங்கே ஸ்டோர்கீப்பர், நாகப்பட்டினத்துக்காரர். பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. பங்களாதேஷ் தொழிலாளர்களும் நானா என்றே அழைத்தார்கள். நம் கடற்கரை முஸ்லிம் வீடுகளில் நானா என்றால் அண்ணன். வங்காளத்தில் அம்மாவின் அப்பா. அதில் அவருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு.

அந்தப் பூட்டிய கட்டடம் நாகூர் தர்கா, தெலுக் ஆயர் தெரு 140ஆம் எண். நானா எஜமான் என்றது நாகூரில் அடங்கியிருக்கும் இறைநேசர் ஷாஹுல் ஹமீதை. அது எப்படி ஆளில்லாமல் போனது, எப்படித் திரும்பத் திறந்தது, திறந்தபோது என்னவாக ஆகியிருந்தது என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

ஊரில் பாழடைந்த கோயிலைப் பார்க்க வேண்டுமென்றால் வயல்காட்டுப் பக்கம் நடந்தால் போதும். சிங்கப்பூரில் நிலத்தின் விலை அதற்கு விடாது. வழிபாட்டிடம் வேண்டாமென்று ஆகிவிட்டால் அதை இடிப்பார்கள், இடம் மாற்றுவார்கள், இன்னொன்றோடு சேர்ப்பார்கள். ஆர்ச்சர்ட் ரோட்டில் இருந்த சிவன் கோயில் எம்ஆர்டி ரயிலுக்காக 1983இல் இடம்விட்டு, சிராங்கூன் ரோட்டில் பத்தாண்டு தங்கி, 1993இல் கேலாங் ஈஸ்ட்டில் குடியேறியது. உண்மையான இடிபாடு என்று கேட்டால் மெக்ரிச்சி காட்டுக்குள் ஜப்பானியர் ஆக்கிரமிப்புக் காலத்தில் போர்க்கைதிகளை வைத்துக் கட்டி, 1945இல் தாங்களே அழித்துவிட்டுப் போன ஷோனான் ஜின்ஜா என்ற ஷிண்டோ கோயிலின் கருங்கல் தொட்டியைச் சொல்லலாம். அது காடு. வங்கிகளும் கோபுர அலுவலகங்களும் சூழ்ந்த நிதி வட்டாரத்தின் நடுவே ஒரு தர்கா பூட்டிக் கிடந்தது வேறு வகை. அதை இடிக்கவும் முடியாது, ஏனென்றால் அது 1974 நவம்பரிலேயே தேசிய நினைவுச்சின்னம் ஆகிவிட்டது. அங்கே ஓத ஆளும் இல்லை.

முதலில் கட்டடம். 1827இல் காதர் பிள்ளை என்பவருக்கு இந்த நிலம் வழங்கப்பட்டது. நிபந்தனை ஒன்றுதான்: வேறு எந்தக் காரியத்துக்கும் இதைப் பயன்படுத்தக் கூடாது. இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும். 1828க்கும் 1830க்கும் இடையில் சூலியாக்கள் இதைக் கட்டினார்கள். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களுக்கு அன்று இங்கே அந்தப் பெயர்தான். தொடக்கத்தில் ஷாஹுல் ஹமீது தர்கா என்று அழைத்தார்கள்.

தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்றால்தான் அதன் அழகு புரியும். கீழ்த்தளம் ஐரோப்பியர் கட்டியதுபோல இருக்கும்: தூண்கள், வளைவு வாசல்கள், வாசலுக்கு மேலே விசிறி வடிவச் சன்னல். கண்ணை மேலே ஏற்றினால் ஊர் மாறிவிடும். சின்னச் சின்ன வளைவுகளும் துளையிட்ட சாந்துத் தட்டிகளும் சேர்ந்து கைக்கடக்கமான ஓர் அரண்மனை மொட்டைமாடியில் உட்கார்ந்திருப்பதுபோல் தெரியும். மூலைகளில் அடுக்கடுக்காக மினாராக்கள், ஒவ்வோர் அடுக்கிலும் மாடங்கள். நாகூர் தர்காவைப் பார்த்தவர்களுக்கு அது எதன் சாயல் என்று சொல்ல வேண்டியதில்லை. அங்கே ஐந்து மினாராக்கள். உயரமான 131 அடி மினாராவைத் தஞ்சை மராத்திய மன்னர் பிரதாப சிங் கட்டித்தந்தார். சவுத் பிரிட்ஜ் ரோட்டில் ஜாமிஆ சூலியா பள்ளியின் முகப்பிலும் இதே பொம்மை அரண்மனை வேலைப்பாடு உண்டு.

இங்கே எஜமானின் அடக்கம் இல்லை. அது நாகூரில். இது நினைவுக்காகக் கட்டியது. அப்படியானால் கரைக்கு வந்ததும் வராததுமாக இதை ஏன் கட்டினார்கள்?

அதற்கு நாகூரில் சொல்லும் கதை ஒன்று தெரிந்திருக்க வேண்டும். எஜமானுக்கு நாவிதர் முகம் மழித்துக்கொண்டிருந்தார். திடீரென்று எஜமான் கையிலிருந்த கண்ணாடியைத் தூக்கி எறிந்தார். கண்ணாடி போய்விட்டதே என்று நாவிதருக்குக் கவலை. சில நாள் கழித்துக் கப்பற்காரர்கள் கரையேறி வந்தார்கள், கையில் அதே கண்ணாடி. நடுக்கடலில் கப்பல் ஓட்டையாகித் தண்ணீர் ஏறியதாம், அவர்கள் எஜமானை அழைத்தார்களாம், கண்ணாடி வந்து ஓட்டையில் ஒட்டிக்கொண்டதாம். நம்புவதும் நம்பாததும் அவரவர் பாடு. ஆனால் பாய்மரக் கப்பலில் வங்கக் கடலைத் தாண்டி வந்து இறங்குகிறவன் முதலில் யாருக்கு நன்றி சொல்வான் என்பதில் சந்தேகமில்லை.

இறங்கிய இடமும் இதுதான். தெலுக் என்றால் குடா, ஆயர் என்றால் தண்ணீர். அன்று தெலுக் ஆயர் தெரு கடற்கரை. வாசலில் அலை அடித்தது. அதனால்தான் அந்த ஒரே வரிசையில் இத்தனை நன்றிக் கட்டடங்கள். ஹொக்கியன் சீனர்கள் கடல் தெய்வமான மாஸுவுக்குத் தியான் ஹோக் கெங்கை 1839இலிருந்து 1842க்குள் எழுப்பினார்கள். ஹக்காக்களும் கான்டனீஸ்காரர்களும் 1824இலேயே ஃபுக் தக் ச்சி கோயிலைத் தொடங்கிவிட்டார்கள். 1827இல் ஓலைக் குடிசையாக ஆரம்பித்த அல்-அப்ரார் பள்ளியை நம்மவர்கள் இன்றும் குச்சுப்பள்ளி என்றே சொல்வார்கள். நாகூர் எஜமானும் மாஸு அம்மனும் ஒரே வேலையைத்தான் பார்த்தார்கள் என்று நானா ஒருநாள் சொன்னார். சொல்லிவிட்டு, "இத எங்க ஜமாஅத்துல போய்ச் சொல்லிறாதீங்க" என்றார்.

அப்புறம் கடல் போய்விட்டது. 1879இலிருந்து 1887 வரை நடந்த மண்ணடிப்பில் குடா தூர்ந்து, ராபின்சன் ரோடும் செசில் ஸ்திரீட்டும் முளைத்தன. கப்பலிலிருந்து இறங்கி நாலு எட்டில் வாசல் என்ற நிலை அதோடு முடிந்தது.

ஆனாலும் தர்கா உடனே தளரவில்லை. மக்கள் பக்கத்திலேயே இருந்தார்கள். தஞ்சோங் பகார் சுற்றுவட்டாரம் கடையநல்லூர், தென்காசி முஸ்லிம்களால் நிறைந்திருந்தது. துறைமுகத்தில் ஆண்கள், மசாலா அரைத்து விற்ற பெண்கள், பிள்ளைகளுக்கு உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி. பிறகு எல்லோருக்கும் நடந்தது அவர்களுக்கும் நடந்தது: பழைய வீடுகள் இடிந்தன, அரசாங்க அடுக்குமாடிகளான வீவக புளோக்குகளில் வீடு கிடைத்தது, தீவின் நாலா பக்கமும் பிரிந்துபோனார்கள். உமறுப் புலவர் பள்ளி 1982இல் மூடியது.

அப்படியும் ஒரு நூல் அறுந்துவிடாமல் ஓடிக்கொண்டிருந்தது. கப்பல். நானா சின்னப் பையனாக உம்மாவோடு எஸ்.எஸ். ரஜூலாவில் வந்தவர். நாகப்பட்டினத்தில் ஏறுமுன் நாகூருக்குப் போய் உம்மா நேர்ந்துகொண்டார்: பிள்ளை சுகமாகக் கரையேறினால் அங்கிருக்கும் தர்காவில் ஓதிச் சீனி கொடுப்பேன். கப்பல் நகர்ந்தபோது மேல்தட்டில் நின்று மினாராக்கள் கண்ணிலிருந்து மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். பினாங்கில் நின்று, இங்கே வந்து இறங்கினார்கள். மறுநாளே தெலுக் ஆயர். உம்மா கையைப் பிடித்துக்கொண்டு போன வழியில் வெயில் சுட்டது மட்டும் அவருக்கு நன்றாக நினைவிருந்தது.

ரஜூலா 1970களில் ஓய்ந்தது. அதன் இடத்தைப் பிடித்த எம்.வி. சிதம்பரம் 1985 பிப்ரவரியில் சென்னைக்குத் திரும்பும் வழியில் தீப்பிடித்தது. பயணிகள் கப்பல் சகாப்தமும் அதோடு போயிற்று. விமானத்தில் நாலு மணி நேரம். அதில் எவன் நேர்ந்துகொள்கிறான்?

என் கணிப்பில் தர்காவைக் காலியாக்கியது இதுதான். கூரை ஒழுகியதோ சுவர் விரிந்ததோ பிறகு வந்தவை. எதிர்வாதம் ஒன்று வரும்: பக்கத்தில் குச்சுப்பள்ளி இன்றும் நிரம்பி வழிகிறதே, அங்கிருந்தும் மக்கள் பெயர்ந்துதானே போனார்கள்? உண்மை. வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு அந்தத் தெருவில் நடந்து பாருங்கள், சட்டையும் கழுத்துப்பட்டையுமாக ஆட்கள் வரிசையாக உள்ளே போவார்கள். பள்ளிவாசலுக்குத் தேவை தொழுகை நேரத்தில் நடக்கிற தூரத்தில் முஸ்லிம்கள். வங்கிகள் அவர்களைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டன. தர்காவுக்கு வருகிறவர் மனதில் ஒரு வேண்டுதலோடு வர வேண்டும். அதுவும் கடல் வேண்டுதல். தர்காவில் போய்க் கேட்பதே தவறு என்று நினைக்கிறவர்களும் சமூகத்தில் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பினாங்கில் நாகூர் தர்கா ஷரீஃபில் இன்றும் கந்தூரிக்குக் கொடி ஏறுகிறது. அங்கே சூலியா தெருவில் நம்மவர் கடைகள் இன்னும் இருக்கின்றன.

கட்டடத்தின் கதைக்கு வருகிறேன். தர்கா பூட்டிக் கிடந்த நாளில் நான் உள்ளே போனதில்லை. அதன் சுவருக்குள் என்ன நடந்திருக்கும் என்பதை என் கையால் நான் கெடுத்த இன்னொரு சுவரிலிருந்து சொல்ல முடியும்.

சைனாடவுனில் ஒரு பழைய கடைவீடு. கீழ்ச்சுவரில் இடுப்பளவுக்கு ஈரம், சாயம் உரிந்து தொங்கியது. நான் பழைய சாந்தைக் கொத்தி எறிந்துவிட்டு, நீர்த்தடுப்புக் கலவை போட்டுச் சிமெண்டில் கச்சிதமாகப் பூசச் சொன்னேன். மழமழவென்று வந்தது. வீட்டுக்காரருக்கும் திருப்தி, எனக்கும் திருப்தி. எட்டு மாதம் கழித்து அழைப்பு வந்தது. போய்ப் பார்த்தால் சிமெண்டு அப்படியே இருக்கிறது, அதற்கு மேலே நெஞ்சுயரத்தில் ஈரம். உள்ளங்கையால் தடவினேன், மாவுபோல வெள்ளையாக ஒட்டியது. நாக்கில் வைத்தேன். உப்பு. சுத்தியலால் தட்டினால் சில இடங்களில் டொக் டொக்கென்று வெற்றொலி. ஓர் இடத்தில் விரலால் நெம்பினேன், தட்டளவு சிமெண்டு கையோடு வந்தது. அதன் முதுகில் செங்கல்லின் தோலும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

அன்று ஸ்டோருக்குத் திரும்பி நானாவிடம் புலம்பினேன். டீயை ஆற்றிக்கொண்டே கேட்டவர், "வேர்க்கிற ஆளுக்கு ரெயின்கோட்ட மாட்டிவிட்டிருக்கீங்க தம்பி" என்றார்.

அதுதான் விஷயம். அந்தக் காலச் செங்கல் மென்மையானது, சுண்ணாம்பில் அடுக்கியது. அடியில் ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு எதுவும் கிடையாது. நிலத்து நீர் செங்கல்லின் நுண்துளை வழியாகத் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல் மேலே ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே விட்டுவிடும். சுவர் ஈரமாகும், காயும், மறுபடி ஈரமாகும், அப்படியே நூற்றைம்பது வருஷம் நிற்கும். சிமெண்டு விடாது. தண்ணீர் வெளியேறும் வழி தேடி இன்னும் மேலே ஏறும், கொண்டுவந்த உப்பைப் பூச்சுக்குப் பின்னால் விட்டுப்போகும். உப்பு படிகமாகும்போது பருக்கும், பருக்கும்போது எதிரே இருப்பதைத் தள்ளும். கடலைத் தூர்த்த ஓரத்தில் நிற்கிற சுவருக்கு உப்புக்கா பஞ்சம்?

மருந்து மெதுவானது, அதனால்தான் யாருக்கும் பிடிப்பதில்லை. சிமெண்டை நீக்கி, சுவரை மாதக்கணக்கில் ஆறவிட்டு, உப்பை ஒத்தி எடுத்து, ஊறவைத்த சுண்ணாம்பை மெல்லிய பூச்சுகளாக ஒன்றன்மேல் ஒன்றாகப் போட வேண்டும். சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்து இறுகுவது, அவசரப்படுத்த முடியாது. நம்மூர்க் கொத்தனார்கள் கடுக்காயும் வெல்லமும் சேர்த்தார்கள். 1861இல் முதல் வழிபாடு நடந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் சுவரை மழமழப்பாக்கியதும் இந்தச் சங்கதிதான். சிப்பிச் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, நாட்டுச் சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர். மதராஸ் சுண்ணாம்பு என்றே அதற்குப் பெயர். பூசியவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள்.

பூட்டி வைத்தால் எல்லாமே இரண்டு மடங்கு வேகத்தில் நடக்கும். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிற ஊர் இது. ஆள் புழங்கும் கட்டடத்தில் யாராவது ஒருவர் சன்னலைத் திறப்பார், கூரை வடிகாலில் அடைத்த சருகை எடுப்பார், "இங்கே சொட்டுது" என்று கத்துவார். பூட்டிய கட்டடத்தில் பறவை எச்சத்தில் வந்த ஒரு விதை விரிசலில் உட்கார்ந்து அரசங்கன்றாகி வேர் விடுகிறவரை யாருக்கும் தெரியாது. பராமரிப்பு வேலையில் இருக்கும் எவரையும் கேளுங்கள், இதையேதான் சொல்வார்கள்.

நினைவுச்சின்னம் என்று அறிவித்ததே, அரசாங்கம் பார்த்துக்கொள்ளாதா என்றால், அறிவிப்பு இடிப்பதைத்தான் தடுக்கும். செலவு உரிமையாளர் தலையில். சமய அமைப்புகளின் நினைவுச்சின்னங்களைச் சீரமைக்க உதவும் தேசிய நினைவுச்சின்ன நிதி 2008இல்தான் வந்தது. தினம் பத்துப் பேர் உண்டியலில் போடாத இடத்துக்கு, சாதாரணக் கொத்தனார் தொடக்கூடாத மினாரா வேலைக்குப் பணம் திரட்டுவது எப்படியிருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

2007இல் சீரமைப்பு தொடங்கியது. 2011இல் நாகூர் தர்கா இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையம் என்ற பெயரில் கதவு திறந்தது.

இப்போது அந்த 1827 வரியை எடுத்துப் பாருங்கள். வேறு காரியத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. இன்று உள்ளே விளக்கப் பலகைகள், பழைய படங்கள், சூலியாக்கள் வந்த கதை. ஃபுக் தக் ச்சிக்கும் இதே முடிவுதான். அது 1998இலேயே அருங்காட்சியகம் ஆகிவிட்டது. ஆக ஒரே தெருவில் கடலுக்காகக் கட்டிய இரண்டு வழிபாட்டிடங்கள் பார்வையாளர் கூடங்களாகிவிட்டன. இது வாக்குத் தவறியதா? நான் பல நாள் அப்படித்தான் நினைத்தேன். இப்போது அவ்வளவு கறாராக இல்லை. காதர் பிள்ளையிடம் நிபந்தனை போட்டவர்கள் பயந்தது கிடங்காகவோ கடையாகவோ ஆகிவிடும் என்றுதான் இருக்கும். யார் எங்கிருந்து, எந்தக் கடலில், யாரை நம்பி வந்தார்கள் என்று சொல்லும் இடமாக அது இருப்பது அந்தப் பயத்துக்குள் வராது. சாம்பிராணி மணம்தான் இல்லை. பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிவரும் ஆசிரியர்கள் அந்தக் கண்ணாடிக் கதையையும் சொன்னால் நன்றாக இருக்கும். மற்றதெல்லாம் பலகையிலேயே இருக்கிறது.

நான் போன வாரம்தான் மறுபடி போனேன். டவுன்டவுன் தடத்தில் தெலுக் ஆயர் நிலையத்தில் இறங்கி வெளியே வந்தால் கொஞ்ச தூரம். ஒரு சுற்றுலாப் பயணி விசிறிச் சன்னலைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். பழக்கதோஷம், நான் முதலில் சுவரின் அடிப்பாகத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். காய்ந்திருந்தது. விரல் மடக்கித் தட்டினேன், வெற்றொலி இல்லை. பிறகுதான் நிமிர்ந்து மினாராவைப் பார்த்தேன்.

நானா வேலையிலிருந்து ஓய்வுபெற்று நாகப்பட்டினத்துக்கே போய்விட்டார். முகப்பை ஒரு படம், உள்ளே இரண்டு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். சாயங்காலம் குரல் பதிவு வந்தது. பின்னால் யாரோ மீன் விலை பேசும் சத்தம்.

"அழகா இருக்கு தம்பி. சப்பாத்தக் கழட்டிட்டுத்தானே உள்ள போனீங்க?"

கழற்றித்தான் போனேன் என்று எழுதினேன்.

"அப்ப சரி."